ஞாயிற்றுக்கிழமை மீசை

இங்கே உட்காருங்க தம்பி. அது வேண்டாம், அந்த நாற்காலியில் சட்னி கொட்டிக் கிடக்கு. இது. எனக்கு நேர் எதிரே. ஃபேன் காற்றும் நன்றாக வரும். காலை மட்டும் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொள்ளுங்க, மேசைக்கு அடியில் ஆள் இருக்கு.

பதறாதீங்க, என் பேத்திதான். அடுத்த வாரம் ஐந்து வயசு. பெயர் இதழினி. மருமகள் தேடித் தேடி வைத்த பெயர். நல்ல பெயர்தான், ஆனால் முழுசாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை தெருமுனைக்குப் போயிருக்கும். உங்க செருப்பு வாரை இழுக்கிறாளா? இழுத்தால் சொல்லுங்க. ஒன்றும் செய்ய முடியாது, இருந்தாலும் சொல்லுங்க.

சமாச்சாரம் என்னவென்றால், இவள் அப்பனும் அம்மாவும் எதிரே இருக்கிற ஜவுளிக்கடைக்குப் போயிருக்கிறார்கள், பிறந்த நாளுக்குப் பாவாடை சட்டை எடுக்க. அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போனாள் என் மருமகள் ரேணுகா. அவள் அந்த வாசல் வழியாகத் திரும்பி வரும்போது இந்தப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தட்டில் இருக்கிற இரண்டு இட்லியும் அவள் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே ஓட்டல் மாடியில் நடக்கிற பிறந்த நாள் சாப்பாட்டில் எனக்கும் ஒரு இலை. இல்லையென்றால் அவர்கள் எல்லாரும் இங்கே வந்து சாப்பிடுவார்கள், நான் வீட்டில் மூடி வைத்த தயிர்சாதத்தைத் திறந்து சாப்பிடுவேன். எனக்கு இருப்பது ஒரே பேத்தி தம்பி. ஐந்தாவது பிறந்த நாள் இரண்டு தடவை வராது.

அதிலும் மூன்று நிபந்தனை. பயமுறுத்தக் கூடாது. போனைக் காட்டக் கூடாது. ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டக் கூடாது. "இந்த மூணும் இல்லாம உட்கார வைங்க மாமா, உங்களை நம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மூன்றும் இல்லாமல் பிள்ளையை உட்கார வைக்க நான் என்ன மந்திரவாதியா? அவள் கண்ணெதிரேயே பிள்ளை மேசைக்கு அடியில் போய்விட்டது. அவள் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பரமா! தம்பிக்கு என்ன வேணும்னு கேளு. பொங்கல் நன்றாக இருக்கும் தம்பி. வடை வேண்டாம், நேற்றுப் போட்ட வடை மாதிரி முழிக்குது.

ரேணுகா பிள்ளை வளர்க்கிற விதம் தெரியுமா? போனில் பார்த்து வளர்க்கிறாள். பிள்ளை போன் பார்க்கக் கூடாது என்று போனில்தான் சொல்கிறார்கள், அதை இவள் பார்க்கிறாள். அடிக்கக் கூடாது, அதட்டக் கூடாது, குனிந்து பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்து பேச வேண்டும். சரி, பேசட்டும். தை மாசம் ஒரு ஞாயிறு, இதே ஓட்டல். இவள் தண்ணீர் டம்ளரில் சாம்பாரை ஊற்றினாள். சாம்பாரில் பூரியைப் படகு விட்டாள். பக்கத்து மேசைக்காரர் வேட்டி நுனியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். ரேணுகா முட்டி போட்டு உட்கார்ந்து, "செல்லத்துக்கு இப்பக் கோபம் வருது, இல்லையா? வரட்டும். அம்மா இங்கதான் இருக்கேன்" என்கிறாள். கோபம் இவளுக்கு எங்கே வந்தது? வேட்டிக்காரருக்கு வந்தது.

என் மகன் இளங்கோவின் வழி வேறு. மனைவி கை கழுவப் போகிற நேரம் பார்த்துப் போனை எடுத்து சாம்பார் வாளியில் சாய்த்து வைத்துவிடுவான். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும், இவன் தபால் பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரி உள்ளே போட்டுக்கொண்டே இருப்பான். ஒருநாள் கை மாறி பேப்பர் நாப்கினைப் போட்டுவிட்டான். அதுவும் உள்ளே போனது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க வேண்டுமா? அன்றைக்கு வாயைத் திறந்தேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை தம்பி. "ஓட்டல் கிரைண்டருக்குள்ள ஒருத்தன் குடியிருக்கான். சாம்பாரைக் கொட்டுற பிள்ளைங்க பெயரை மாவில எழுதிடுவான். இட்லி வெந்து வரும்போது யார் பெயர் அதுல இருக்கோ, அவங்க ராத்திரியோட ராத்திரியா உள்ள போயிடணும். உன் பெயர் நீளம், மூணு இட்லி பிடிக்கும்" என்றேன். அவ்வளவுதான். மூன்று இட்லி என்று கணக்குச் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது. எதையும் விவரமாகச் சொன்னால் பிள்ளைகள் நம்பிவிடுகின்றன.

நாற்பது நாள் இவள் இட்லியைத் தொடவில்லை. தோசை இல்லை, ஊத்தப்பம் இல்லை. வீட்டில் மிக்ஸி போட்டால் கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு அலறினாள். நாற்பது நாளும் உப்புமா. முதலில் உடைந்து போனவன் என் மகன்தான். கடைசியில் ரேணுகா என்னை இந்த ஓட்டல் சமையற்கட்டுக்கே கூட்டி வந்து, கிரைண்டர் மூடியைத் திறந்து, பிள்ளைக்கு முன்னால், "தாத்தா சொன்னது பொய்" என்று என் வாயால் சொல்ல வைத்தாள். மாவாட்டுகிறவர், பரமன், கல்லாவில் இருப்பவர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைக்குப் பயம் போய்விட்டது. அதோடு என் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. இப்போது நான் வெயில் அடிக்கிறது என்றால்கூட வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் பைபாஸ் பக்கம் ஊஞ்சல், சறுக்கு எல்லாம் வைத்த ஓட்டலுக்குப் போகிறார்கள். நான் தனியாக இங்கே வருகிறேன்.

என்ன? கீழே என்ன செய்கிறாள்? செருப்பை மாற்றி மாட்டிவிடுகிறாளா? மாட்டட்டும், போகும்போது சரிசெய்துகொள்ளலாம்.

நான் யார் என்று சொல்லவில்லையே. தெய்வசிகாமணி. அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். முப்பத்திரண்டு வருஷம். பிள்ளைகள் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, ஏனென்றால் எல்லாரும் ஏமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் மூன்று வயசு வரைக்கும் டிக்கெட் கிடையாது, பன்னிரண்டு வரைக்கும் அரை டிக்கெட். அதனால் எங்க பஸ்ஸில் ஏறிய எந்தப் பிள்ளைக்கும் மூன்று வயசு தாண்டியதே இல்லை. நான் ஏறியவுடன் அம்மாக்காரி பிள்ளையை மடியில் சுருட்டி வைத்துக்கொள்வாள். பிள்ளை வாயே திறக்காது. "உன் வயசு என்ன கண்ணு?" என்றால், "மூணு" என்னும். "எந்த ஸ்கூல்?" என்றால், "ரெண்டாப்பு பி செக்‌ஷன்" என்னும். அப்படியே இறங்கிப் போகும்போது பாருங்க, மடியில் மூன்று வயசாக இருந்தது படியில் ஏழு வயசாகி, அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும். ஒருதடவை நத்தம் ரூட்டில் ஒருத்தன் அரை டிக்கெட்டில் போர்வைக்குள் படுத்திருந்தான். போர்வையை விலக்கினால் கழுத்தில் மாலை. அவனுடைய கல்யாணத்துக்கே போய்க்கொண்டிருக்கிறான்.

என்னடி? போன தடவை பொண்ணு வீட்டுக்காரன்னா சொன்னேன்? இல்லை, மாப்பிள்ளைதான். நீ கீழேயே இரு. காது மட்டும் எப்படி மேலே இருக்கிறது பாருங்க.

எதற்குச் சொல்கிறேன் என்றால், சத்தம் போடுகிற பிள்ளையிடம் ஒரு கள்ளமும் இருக்காது. பேசாமல் இருக்கிற பிள்ளைக்குப் பின்னால்தான் யாரோ இருப்பார்கள். அது சொல்லிக் கொடுத்த பிள்ளை.

அப்படி ஒரு பிள்ளையை இங்கே பார்த்தேன். அதோ, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மேசை. அப்பா, அம்மா, நாலு வயசுப் பையன். லோகித் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வருவார்கள். பையன் உட்காருவான், இட்லியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிடுவான், ஒரு சொட்டு சிந்த மாட்டான், எழுந்து போய்க் கை கழுவிக்கொள்வான். போன் கிடையாது, அதட்டல் கிடையாது. சப்ளையர் கையிலிருந்து தட்டு விழுந்து உருண்டது, அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வயசுப் பையன், தம்பி! தட்டு விழுந்தால் நானே திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. நோட்டை எடுத்தேன். இந்த நோட்டுதான், சர்வீஸ் பழக்கம், சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு வாரமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவனைப் பார்ப்பேன், எழுதுவேன். "9.05. இரண்டு இட்லி. சிந்தவில்லை." திரும்பப் பார்ப்பேன். "9.12. அழவில்லை." இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ரேணுகாவிடம் போய், இந்தா வைத்துக்கொள் உன் வளர்ப்பு என்று கொடுத்துவிட்டு என் இலையை வாங்கிக்கொள்ளலாம் இல்லையா?

முதல் சந்தேகம், பையனுக்குக் காது கேட்காது. பரமனை விட்டுப் பின்னால் நின்று மெதுவாக, "ரவா கேசரி வேணுமா?" என்று கேட்கச் சொன்னேன். தலையை ஆட்டினான். கேட்கிறது. இரண்டாவது, வயசு அதிகம், பார்க்கத்தான் சின்னவன். ஆனால் சிரிக்கும்போது பார்த்தேன், எல்லாம் பால் பல். மூன்றாவது, இரவல் பிள்ளை. இல்லை, அப்பன் காது அப்படியே அவனுக்கு. அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது தண்ணீர் பாட்டில். நீல மூடி போட்ட பாட்டில். வீட்டிலிருந்து கொண்டுவந்து அதை மட்டும்தான் குடிக்கிறான். முடிந்தது. இருமல் மருந்தைக் கலந்து கொடுக்கிறார்கள் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஒருநாள் அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். ஓட்டல் வாசலைத் தாண்டின அடுத்த நிமிஷம் அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு செருப்பைக் கழற்றி இளநீர்க் கடை மேல் எறிந்தான். அப்பன் தலையில் ஏறி உட்கார்ந்தான். உய் என்று கத்தினான். மடியில் மூன்று, படியில் ஏழு! என் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சரி, கண்காணிப்பு என்றால் மறைந்திருந்து பார்ப்பதுதான் முறை. அடுத்த வாரம் அந்தத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு லோகித் சட்னிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். மேசை மேல் நின்று ஆடினான். இன்று மருந்து கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம் திரும்ப இங்கே வந்தேன், பையன் கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். மருந்து கொடுத்திருக்கிறார்கள். இப்படி மாற்றி மாற்றி ஆறு வாரம் பார்த்தேன் தம்பி. நான் தூணுக்குப் பின்னால் இருக்கிற நாளாகப் பார்த்து அவர்களுக்கு மருந்து மறந்துபோகிறது. தற்செயல் என்று எழுதி வைத்தேன். இதோ பாருங்க, எழுத்து அப்படியே இருக்கு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. பொங்கல் ஆறிப்போகுது, சாப்பிட்டுக்கிட்டே சிரிங்க.

போன மாசம் பொறுக்க முடியாமல் கை கழுவுகிற இடத்தில் அந்தப் பெண்ணை மடக்கினேன். "ஏம்மா, அந்த பாட்டில்ல என்ன கலக்குறீங்க?" அவள் முகம் வெளிறிப் போயிற்று. "தண்ணிதான் ஐயா, சீரகத் தண்ணி." "பிள்ளை ஏன் அசையாம இருக்கான்?" தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் ஓடி வந்தான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆஹா, மாட்டிக்கொண்டார்கள் என்று நோட்டை எடுத்தேன்.

"அந்த நோட்டை உள்ள வைங்கய்யா, பையன் பார்த்தா பயந்துடுவான்" என்றாள் அவள். "தப்பா நினைக்காதீங்க. முதல்ல ஒருநாள் ரொம்பப் படுத்தினான். நீங்க எதிர்ல உட்கார்ந்து நோட்டுல ஏதோ கணக்கு எழுதிக்கிட்டு இருந்தீங்க. அந்த மீசைத் தாத்தாதான் இந்த ஓட்டலுக்கே அதிகாரி, சிந்துற பிள்ளைங்களை எழுதி வச்சுக்கிறாருன்னு சும்மா சொன்னேன். நீங்களும் வாரா வாரம் கரெக்டா வந்து முறைச்சீங்க, எழுதினீங்க. எங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு. நீங்க வராத அன்னைக்குத்தான் ஐயா கஷ்டம்."

எப்படி இருக்கும் எனக்கு? மூன்று மாசம் நான் அவனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், அவன் எனக்குப் பயந்துகொண்டு இட்லியைப் பிட்டிருக்கிறான். ஆனால் ஒன்று சொல்கிறேன் தம்பி, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஊரார் பிள்ளை என்னைப் பார்த்து நடுங்குகிறது. என் சொந்தப் பேத்தி என் மீசையில் ரிப்பன் கட்டுகிறாள்.

அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. வீட்டு மீசை செல்லாது. வேற்று மீசை வேண்டும்.

ஆமாம். உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தது அதற்குத்தான். ஒன்பதே முக்காலிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு முன்னால் நாலு பேர் வந்தார்கள், ஒருத்தனுக்கும் உதட்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. உங்களைப் பார்த்தவுடன் மனசு நிறைந்துவிட்டது. நீங்க ஒன்றும் செய்ய வேண்டாம். அதட்ட வேண்டாம். சும்மா அவள் பக்கம் பார்த்து, இந்த நோட்டில் எதையாவது எழுதுங்க. பால் கணக்கு எழுதினாலும் போதும். நான் பயமுறுத்த மாட்டேன் என்றுதான் ரேணுகாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். நீங்க ஒரு சத்தியமும் செய்யவில்லையே.

இதழினி! மேலே வா. இதோ ஒரு மாமா வந்திருக்கார் பாரு. வந்துட்டா. பாருங்க தம்பி, பாருங்க. கண்ணை இன்னும் கொஞ்சம் உருட்டுங்க. ம்.

என்ன? மீசையைத் தொடணுமா? வேண்டாண்டி, அவர் ரொம்பப் பெரிய... அடடா, இழுக்காதே! வலிக்குதா தம்பி? விட்டுடு கண்ணு. ஒட்டு மீசையான்னு பார்த்தியா? சரி, பார்த்தாச்சா? நிஜம்தானே? நாற்காலி மேலே நிற்காதே. உட்காரு. உட்கார்ந்துக்கிட்டே பாரு.

நீங்க சிரிச்சதுதான் கெடுத்தது தம்பி. அந்த மீசையை வைத்துக்கொண்டு அப்படிச் சிரிக்கலாமா?

போச்சு. தயிர்சாதம்தான்.

என்னடி? லோகித்தா? அவனுக்கு என்ன? ஓ, அப்புறம் என்ன ஆச்சுன்னா? ஒண்ணும் ஆகலை. இந்தா, இட்லித் தட்டை என் சட்டை மேல தள்ளாதே, உன் பக்கம் வச்சுக்கோ.

அப்புறம் என்ன ஆச்சென்றால் தம்பி, இதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்தப் பையனைச் சமாதானம் செய்துவிடலாம் என்று அவன் மேசைக்குப் போனேன். குனிந்தேன், ரேணுகா குனிவாளே, அந்த மாதிரி, முட்டி கடக்கென்றது. கண் மட்டத்துக்கு வந்து, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்தேன். மூன்று மாசமாக இந்த ஓட்டலில் அழாத பிள்ளை தம்பி. அன்றைக்கு அழுதான். சத்தம் இல்லாமல், இட்லியை வாயில் வைத்துக்கொண்டே, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. "சிந்தலை தாத்தா, நான் சிந்தலை" என்கிறான்.

நான் என்ன செய்தேன்? அவன் டம்ளரை எடுத்து என் வேட்டி மேல் ஊற்றிக்கொண்டேன். அவன் சாம்பாரையும் எடுத்து ஊற்றிக்கொண்டேன். "பாரு, தாத்தா சிந்திட்டேன், எழுதிக்கோ" என்று நோட்டை அவன் கையில் கொடுத்தேன். என் வேட்டியை எட்டிப் பார்த்தான். அப்புறம் பென்சிலை வாங்கிக் கோடு கோடாக இழுத்தான். இதோ, இந்தப் பக்கம், நடுவில் இருக்கிறது பாருங்க, அது நான். மேலே இரண்டு கொம்பு மாதிரி இருப்பது மீசை. அதற்கப்புறம் அவன் வருகிற நேரத்துக்கு நான் வருவதில்லை. போன வாரம் அவன் வாளியையே கவிழ்த்தான் என்று பரமன் திட்டினான். திட்டட்டும்.

ஆமாண்டி, வெள்ளை வேட்டிதான். சாம்பார் சூடாத்தான் இருந்துச்சு. எந்த வேட்டின்னா கேக்கிற? உங்கம்மா துவைக்கும்போது கேட்டாளே, மஞ்சளா என்னன்னு, அதுதான். இல்லை, இதுல பொய் ஒண்ணும் இல்லை. பரமனைக் கேளு. பரமா, ஊத்திக்கிட்டேனா இல்லையா? பார்த்தியா.

தம்பி, நீங்க ஏன் என் தோளுக்குப் பின்னால் பார்க்கறீங்க?

அட, ரேணுகா. எப்ப வந்தே? எவ்வளவு நேரமா நிற்கிறே? கிரைண்டரிலிருந்தா! இளங்கோ எங்கே? சரி சரி, தோத்துட்டேன்மா, ஒப்புக்கிறேன். வந்ததிலிருந்து மேசைக்கு அடியில்தான்...

ஏய். நீ எப்ப நாற்காலியில உட்கார்ந்தே?

இந்தத் தட்டில் இருந்த இரண்டு இட்லி எங்கே? தம்பி, மனசில் வைத்துக்கொள்ளாமல் சொல்லுங்க, நீங்க எடுத்தீங்களா? பேச்சு வாக்கில் கை வந்திருக்கும், தப்பில்லை. இல்லையா? பரமா, நீ இந்தப் பிள்ளைக்கு எதாவது இனிப்புக் கொடுத்தியா? போன் யார்கிட்ட இருக்கு? நெற்றியைக் காட்டு கண்ணு. சுடவில்லையே.

தம்பி, கொஞ்சம் கிட்டே வாங்க. மெதுவாகப் பேசுவோம். பயமுறுத்தவில்லை, போன் இல்லை, ஐஸ்கிரீம் இல்லை. இந்தப் பிள்ளை தானாக நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு இட்லி தின்றிருக்கு. மேசையில் ஒரு சொட்டு இல்லை. ரேணுகாவைப் பாருங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள், அடுத்த ஞாயிறு என் இலை இவள் பக்கத்தில்தானாம். நான் ஒன்றுமே செய்யவில்லையே! சும்மா உங்களோடு பேசிக்கொண்டுதானே இருந்தேன்?

இதில் என்னமோ இருக்கு. யாரோ இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நோட்டை இப்படிக் கொடுங்க. "10.20. இரண்டு இட்லி. சிந்தவில்லை..."

என்னடி? அப்புறமா? அப்புறம் என்ன அப்புறம்? இரு, எழுதிட்டுச் சொல்றேன்.